தால் ஏரிக்கரையின் வேனில் மாளிகைகள்

கோடையின் கொடுமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிழைப்பின் பொருட்டு வட இந்தியச் சமவெளியில் வந்து குடியேறிய நாம், வைகாசியிலும் ஆனியிலும் வீசும் 'லூ' என்னும் அனற்காற்றை ஆண்டுதோறும் அனுபவித்து வருகிறோம். ஜன்னல்களைச் சார்த்தி, கூலருக்கு நீர் நிரப்பி, இரவில் மொட்டை மாடியில் பாய் விரித்து, ஒருவாறு நாளைக் கழிக்கிறோம். பொருள் படைத்தோர் மலை நாடிச் செல்வர். மற்றையோர் மழையை எதிர்நோக்கி வானத்தைப் பார்ப்பர்.

வெம்மைக்கு அஞ்சி மலையேறுதல் அரசர்க்கும் பழைய வழக்கமே. ஆங்கிலேயர் 1864ஆம் ஆண்டிலிருந்து கோடைதோறும் தம் அரசாங்கத்தையே சிம்லாவுக்கு எடுத்துச் சென்றனர் என்பது நாம் அறிந்தது. அவர்களுக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னரே மொகலாயச் சக்கரவர்த்திகள் பீர் பாஞ்சால் மலைத்தொடரைக் கடந்து காஷ்மீரத்தை அடைந்து, தால் ஏரிக்கரையில் வேனில் மாளிகைகளும் பூங்காக்களும் அமைத்து வாழ்ந்தனர். அவற்றுட் சில இன்றும் அழியாமல் நிற்கின்றன. நம் சங்கத்தைச் சேர்ந்த ஆறு குடும்பத்தார் சென்ற ஐப்பசித் திங்களில் ஒன்றுகூடிச் சென்று அவற்றைக் கண்டு வந்தோம். கண்டவற்றையும், அவற்றைப் பற்றி அறிந்தவற்றையும் மலர்க் குழுவினர் விருப்பத்திற்கு இணங்க இங்கே எழுதுகிறோம்.

பாபரின் ஏக்கம்

இப்பூங்காக்களின் வரலாறு காஷ்மீரத்தில் தொடங்கவில்லை. காபூலில் தொடங்குகிறது. 1526இல் பானிபட்டில் வென்று தில்லியையும் ஆக்ராவையும் கைக்கொண்ட பாபருக்கு இந்நாடு பிடிக்கவில்லை. வெயிலும் புழுதியும் காற்றும் தம்மை வருத்துகின்றன என்றும், தம் ஊரில் உள்ளவை போன்ற பூங்காக்களும் ஓடும் நீரும் இங்கு இல்லை என்றும் தம் நினைவுக் குறிப்பில் மனம் திறந்து எழுதி வைத்தார். குறை கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. ஆக்ராவில் யமுனைக் கரையில் நிலத்தைச் செம்மைப்படுத்தி, கிணறு தோண்டி, வாய்க்கால் வெட்டி, தம் ஊர்ப் பூங்காவை ஒத்த ஒன்றை அங்கேயே படைத்தார். நிலத்தை நான்கு கூறாகப் பிரித்து நடுவே நீரை ஓடவிடும் 'சார்பாக்' என்னும் அமைப்பு அது. 1530இல் ஆக்ராவில் உயிர் நீத்த அவருடைய உடல், அவர் விருப்பப்படியே பின்னர்க் காபூலில் அவர் அமைத்த தோட்டம் ஒன்றில் அடக்கம் செய்யப்பட்டது.

பிறந்த ஊரை விட்டு வந்தவன் வந்த இடத்தில் தன் ஊரின் சாயலைப் படைக்க முயல்வது இயற்கை. குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்துப் பனிக்காலத்தில் அவை பட்டுப்போகாமல் சாக்குப் போர்த்திக் காக்கும் நம் இல்லத்தரசியர் பாபரின் மனநிலையை நன்கு உணர்வர்.

பாபரின் பேரர் அக்பர் 1586இல் காஷ்மீரத்தைத் தம் ஆட்சியிற் சேர்த்தார். 1589இல் அவர் முதன்முறையாக அங்குச் சென்றபோதுதான் மொகலாயர் நெடுநாள் தேடியது அவர்களுக்குக் கிட்டியது. குளிர்ந்த காற்று, பனி மூடிய சிகரம், வற்றாத ஊற்று ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்திருந்தன. சமவெளியில் கிணற்று நீரை எருது பூட்டி இறைத்து ஊற்ற வேண்டியிருந்த 'சார்பாக்', இங்கே மலையின் சரிவிலேயே தானாக உயிர் பெற்றது.

ஷாலிமார்

ஸ்ரீநகர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. நகரின் கிழக்கே தால் ஏரி. ஏரிக்குக் கிழக்கே ஜபர்வான் மலை. மலைக்கும் நீருக்கும் இடையே உள்ள ஒடுங்கிய சரிவில்தான் இப்பூங்காக்கள் வரிசையாக அமைந்துள்ளன.

அவற்றுள் தலையாயது ஷாலிமார். ஸ்ரீநகரை நிறுவிய இரண்டாம் பிரவரசேன மன்னன் ஹார்வானில் வாழ்ந்த ஒரு முனிவரைக் காணச் செல்லும் வழியில் தங்குவதற்கு இவ்விடத்தில் ஒரு மாளிகை கட்டினான் என்றும், அதன் பெயரே ஊருக்கு நிலைத்தது என்றும் ஒரு வழக்கு உண்டு. மொகலாயர் காலத்துச் செய்தியோ ஐயத்திற்கு இடமின்றி ஜஹாங்கீரின் குறிப்பிலேயே இருக்கிறது. மலையிலிருந்து இறங்கித் தால் ஏரியில் கலக்கும் ஓர் இனிய ஓடையைக் கண்ட அவர், அதற்கு அணை கட்டி நீர்வீழ்ச்சியாக அமைக்குமாறு தம் மகன் குர்ரத்திற்குக் கட்டளையிட்டார். குர்ரமே பின்னாளில் ஷாஜஹான் ஆனவர். 1619ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய அவ்வேலை 'பரா பக்ஷ்' என்னும் பெயருடைய பூங்காவாக நிறைவெய்தியது. 1630ஐ ஒட்டி ஷாஜஹானின் ஆளுநர் ஜபர்கான் அதற்கு மேற்புறத்தில் 'பைஸ் பக்ஷ்' என்னும் பகுதியைச் சேர்த்தார். இன்று ஏறத்தாழ 31 ஏக்கர் பரப்பில் விளங்குகிறது.

ஷாலிமார் வெறும் பூந்தோட்டமன்று. திறந்த வெளியில் அமைந்த அரண்மனை. அது மூன்று அடுக்குகளாக மேலேறிச் செல்கிறது. முதல் அடுக்கு பொதுமக்கள் சக்கரவர்த்தியைக் காணும் இடம். அங்கே நீர் விழும் வாய்க்காலின் மேலேயே கருங்கல் அரியணை ஒன்று போடப்பட்டிருக்கிறது. இரண்டாம் அடுக்கு அமைச்சரும் பிரபுக்களும் கூடும் இடம். மூன்றாவது அந்தப்புரம். அதன் நடுவே நீர்த் தடாகம் சூழ, கறுப்புச் சலவைக்கல் தூண்கள் தாங்கும் மண்டபம் நிற்கிறது. ஆக்ராவின் செங்கோட்டையில் கல்லும் சுவரும் செய்த வேலையை இங்கு மரமும் நீரும் செய்தன.

எங்களை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது நீரின் ஏற்பாடே. ஊற்றுக் குழல்கள் வரிசை வரிசையாக நீரைப் பீச்சுகின்றன. ஆனால் இதனை அமைத்த நாளில் இயந்திரம் ஏதும் இருந்ததில்லை. ஹார்வான் பக்கத்து ஓடையை மலையின் மேற்புறத்திலேயே மறித்து வாய்க்காலில் கொண்டுவருகிறார்கள். மேல் அடுக்கிற்கும் கீழ் அடுக்கிற்கும் உள்ள உயர வேற்றுமையே நீரை அழுத்தி மேலே எழுப்புகிறது. நம் ரெயில்வே காலனியின் நீர்த்தொட்டி உயரத்தில் இருப்பதால் வீட்டுக் குழாயில் நீர் வருகிறதே, அதே தத்துவந்தான்.

ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்கிற்கு நீர் இறங்கும் இடங்களில் சரிவாக ஒரு கற்பலகை வைத்து அதில் மீன் செதிலைப் போன்ற கோலங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அதன்மேல் ஓடும் நீர் வெண்மையாக நுரைத்து விரித்த துணிபோலத் தோன்றுவதால் 'சாதர்', அதாவது விரிப்பு, என்று பெயர். செங்குத்தாக விழும் அருவிகளுக்குப் பின்னே சுவரில் சிறு சிறு மாடங்கள் உள்ளன. பகலில் அவற்றில் பூக்கலங்களையும் இரவில் விளக்குகளையும் வைப்பார்களாம். நீர்த்திரைக்குப் பின்னே விளக்கெரியும் காட்சியை நாங்கள் மனக்கண்ணால் மட்டுமே காண முடிந்தது.

ஜஹாங்கீருக்குக் கலையில் இருந்த ஆர்வம் இயற்கையிலும் இருந்தது. 1620இல் காஷ்மீரத்தில் தாம் கண்ட மலர்களைத் தம் அரண்மனை ஓவியர் உஸ்தாத் மன்சூரைக் கொண்டு வரையச் செய்தார். வரைந்தவை நூற்றுக்கு மேற்பட்டவை என்று அவரே எழுதியிருக்கிறார். 1627இல் காஷ்மீரத்திலிருந்து திரும்பும் வழியிலேயே அவர் காலமானார்.

நிஷாத்தும் மாமனாரும்

ஷாலிமாரிலிருந்து தெற்கே ஏரிக்கரையோடு வந்தால் நிஷாத் பாக் வருகிறது. இதனை 1633இல் அமைத்தவர் அரசரல்லர். நூர்ஜஹானின் உடன்பிறந்தாரும் ஷாஜஹானின் மாமனாருமான ஆஸப்கான். ஷாலிமார் மரங்களுக்கிடையே மறைந்து அடக்கமாக இருக்க, நிஷாத்தோ மலையைப் பின்னணியாகவும் ஏரியை முன்னணியாகவும் கொண்டு பெருமிதத்தோடு நிமிர்ந்து நிற்கிறது. பன்னிரண்டு இராசிகளைக் குறிக்கும் பன்னிரண்டு அடுக்குகளாக இதனை அமைத்தார்கள் என்பர். மேல் அடுக்கில் நின்று நோக்கினால் ஏரி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கிறது.

இதைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. பூங்காவைக் கண்ட ஷாஜஹான் மும்முறை வியந்து பாராட்டினாராம். அரசர் ஒரு பொருளை அவ்வாறு பாராட்டினால் உடையவர் அதனைக் காணிக்கையாக்க வேண்டும் என்பது குறிப்பு. மாமனாரோ வாய் திறக்கவில்லை. சினம் கொண்ட மருமகர், ஷாலிமாருக்கும் நிஷாத்துக்கும் பொதுவாக வரும் ஓடையை மறித்து நிஷாத்துக்கு நீர் செல்லாதவாறு தடுத்துவிட்டார். ஊற்றுகள் அடங்கின, வாய்க்கால்கள் வறண்டன. ஆஸப்கான் மனம் நொந்து மர நிழலில் கண்ணயர்ந்திருந்தபோது, அதைக் காணப் பொறாத ஒரு பணியாள் தடையை அகற்றி நீரைத் திறந்துவிட்டான். நீரோசை கேட்டு விழித்த ஆஸப்கான் அரசரின் சினத்திற்கு அஞ்சினார். ஆனால் ஷாஜஹான் அவ்வேலையாளின் விசுவாசத்தை மெச்சி நீருரிமையையும் திருப்பித் தந்தாராம்.

கதை எவ்வாறாயினும், ஒன்று விளங்குகிறது. சலவைக்கல்லும் சினார் மரமும் எத்தனை இருந்தாலும், நீர் நின்றால் அங்கே பூங்கா இல்லை. அப்பணியாளின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

சிறு ஊற்றும் சிதைந்த மாடமும்

நிஷாத்தைக் கடந்து தெற்கே சென்றால் மலைச் சரிவில் சஷ்மா ஷாஹி, அதாவது அரச ஊற்று, இருக்கிறது. ஷாஜஹானின் கட்டளைப்படி அலி மர்தான்கான் அமைத்தது. பரப்பில் ஓர் ஏக்கரே. மலையிலிருந்து பெருகும் ஊற்றின் நீரை அருந்தியபோது வழிநடந்த களைப்பெல்லாம் நீங்கிற்று. எங்களோடு வந்த பெண்மணிகள் கொணர்ந்திருந்த புட்டிகளையெல்லாம் நிரப்பிக்கொண்டனர்.

அதற்கும் மேலே பரி மஹல் நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஷாஜஹானின் மூத்த குமாரர் தாரா ஷிகோ தம் குரு முல்லா ஷாவின் பொருட்டு எழுப்பியதாகச் சொல்வர். மற்றப் பூங்காக்களைப் போல நீர்வீழ்ச்சிகள் இதில் இல்லை. வளைவுகளும் இடிந்த சுவர்களுமாக அடுக்கடுக்காக உள்ளது. தாரா, காசிப் பண்டிதர்களின் துணையோடு ஐம்பது உபநிடதங்களை 1657இல் பாரசீக மொழியில் ஆக்கியவர். அந்நூலே பின்னர் இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞரிடம் உபநிடதங்களைக் கொண்டு சேர்த்தது. 1659இல் தம்பி ஔரங்கசீபின் ஆணையால் தாரா கொலையுண்டார். நான்கு பூங்காக்களிலும் எங்கள் மனத்தை நெடுநேரம் பிணித்தது இந்தச் சிதைந்த மாடமே. இன்பத்திற்காகக் கட்டியவற்றின் நடுவே அறிவிற்காகக் கட்டியது இது ஒன்றேயன்றோ!

சுமந்தவர் யார்?

ஷாலிமாரின் அந்தப்புர மண்டபத்தில் நாங்கள் அமர்ந்திருந்தபோது, உடன் வந்த ஒரு மூதாட்டியார் கேட்ட கேள்வி எங்களை நகைக்கவும் செய்தது, சிந்திக்கவும் செய்தது. "இத்தனை ராணிமாரும் இத்தனை மலை ஏறி வந்தார்களே, இவர்களுக்குச் சமைத்துப்போடப் பாத்திரம் பண்டங்களை யார் தூக்கி வந்தார்கள்?" என்பதே அக்கேள்வி. சரித்திரப் புத்தகங்கள் பெரும்பாலும் கேளாத கேள்வி இது.

இதற்கு விடையளிப்பவர் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் பெர்னியர். ஔரங்கசீப் தில்லியிலிருந்து புறப்பட்டு 1665இல் காஷ்மீரம் சென்றபோது இவரும் உடன் சென்றார். அரசருக்கு இரண்டு முகாம்கள் உண்டு. ஒன்றில் அவர் தங்கியிருக்கையில் மற்றொன்று அடுத்த தங்குமிடத்திற்கு முன்கூட்டியே செல்லும். அம்முகாமைச் சுமக்க மட்டும் 60க்கு மேற்பட்ட யானைகள், 200 ஒட்டகங்கள், 100 கோவேறு கழுதைகள், 100 கூலியாட்கள் வேண்டியிருந்தன. மலையடிவாரத்துப் பிம்பர் என்னும் ஊருக்கு அப்பால் ஒட்டகம் செல்லாது. ஆகவே மனிதரின் முதுகே துணை. அரசருக்கு மட்டும் 6,000 சுமையாட்கள் என்றும், எல்லோருக்குமாகச் சேர்த்து 30,000 பேர் என்றும் கணக்கிட்டதாகப் பெர்னியர் எழுதுகிறார். பீர் பாஞ்சால் ஏற்றத்தில் முன்னே சென்ற யானை ஒன்று மருண்டு பின்வாங்கியதால், அந்தப்புரப் பெண்டிரைச் சுமந்த பதினைந்து யானைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பள்ளத்தில் சரிந்தன. பெண்டிருள் மூவரோ நால்வரோதான் மாண்டனர். யானைகளுள் ஒன்றையும் காப்பாற்ற இயலவில்லை. ஒரு வேனிற்கால உல்லாசத்தின் விலை இது.

இதற்கு மாறான சான்றும் ஸ்ரீநகரிலேயே உண்டு. ஏரிக்கு மேற்கே ஹரி பர்வதக் குன்றைச் சுற்றி அக்பர் மதில் எழுப்பினார். 1597இல் அவர் அங்கிருந்தபோது நாட்டில் பஞ்சம் நிலவியது. மதில் வேலை பலருக்கு உணவளித்தது. அதன் காட்டி தர்வாசா வாயிலில் உள்ள பாரசீகக் கல்வெட்டு, கருவூலத்திலிருந்து ஒரு கோடியே பத்து லட்சம் அனுப்பப்பட்டதையும், 200 தேர்ந்த சிற்பிகள் வந்ததையும் கூறி, எவரும் கூலியின்றி வேலை வாங்கப்படவில்லை என்றும் அறிவிக்கிறது. கூலி கொடுத்ததை ஓர் அரசர் கல்லில் வெட்டி வைக்கிறார் என்றால், கொடாமல் வேலை வாங்குவது எவ்வளவு வழக்கமாக இருந்திருக்க வேண்டும்! காஷ்மீரத்தில் 'பேகார்' என்னும் கட்டாய ஊழியம் அதற்குப் பிறகும் நீங்கவில்லை. கில்கித்துச் சாலையில் சுமை தூக்க உழவர்களைப் பிடித்துச் சென்ற கொடுமையை, நில அளவை அதிகாரியாக இருந்த வால்ட்டர் லாரன்ஸ் 1895இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இடம்பெயரும் அரசாங்க வழக்கமும் மொகலாயரோடு மறையவில்லை. மகாராஜா ரண்பீர் சிங் 1872இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, காஷ்மீர அரசின் அலுவலகங்கள் கோடையில் ஸ்ரீநகரிலும் குளிரில் ஜம்முவிலும் நடைபெற்றன. கட்டுக் கட்டாகப் பைல்கள் லாரிகளில் ஏறி மலை கடந்து சென்றன. 2021இல் நிறுத்தப்பட்ட அவ்வழக்கம் 2025இல் மீண்டும் உயிர் பெற்றது. பைல்களோடு பிழைக்கும் எங்களுக்கு இச்செய்தி பெரிதும் சுவையாக இருந்தது.

இன்றைய வழியும் இன்றைய கவலையும்

யானைகள் சரிந்த அதே பீர் பாஞ்சால் மலைத்தொடரை நாங்கள் நாற்காலியில் சாய்ந்தவாறே கடந்தோம். மலையைக் குடைந்து பனிஹாலுக்கும் காஜிகுண்டுக்கும் இடையே 11 கிலோ மீட்டருக்கு மேல் நீளும் சுரங்க ரெயில்பாதை 2013இல் திறக்கப்பட்டது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் மாதத்தில் வண்டி ஓடத் தொடங்கிற்று. கட்ராவுக்கும் பனிஹாலுக்கும் இடையே உள்ள 111 கிலோ மீட்டரில் ஏறத்தாழ 97 கிலோ மீட்டர் சுரங்கமே. செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலத்தின்மேல் வண்டி சென்றபோது எங்கள் பெட்டியில் பேச்சே நின்றுவிட்டது. சக்கரவர்த்திகள் வாரக்கணக்கில் கடந்த மலைகளைச் சாமானியர் மூன்று மணி நேரத்தில் கடக்கின்றனர். ரெயில்வேத் தொழிலாளரின் வேலை இதிலும் முதுகின் வேலைதான். ஆயினும் சம்பளத்தோடு செய்த வேலை என்று எண்ணி ஆறுதலடைந்தோம்.

அரசருக்கும் அந்தப்புரத்துக்கும் மட்டும் உரியனவாக இருந்த பூங்காக்களில் இன்று சிறு தொகைக்கு டிக்கெட்டு வாங்கி எவரும் நுழையலாம். உள்ளூர்க் குடும்பங்கள் சினார் நிழலில் விரிப்புகளை விரித்து உண்டு மகிழ்கின்றன. அந்தப்புர அடுக்கில் பள்ளிச் சிறுமியர் ஓடி விளையாடினர். ஐப்பசியில் சினார் இலைகள் செந்நிறம் கொள்ளத் தொடங்கியிருந்தன. அம்மரத்தை அனுமதியின்றி வெட்டுவதை 1969ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இந்நான்கு பூங்காக்களோடு அச்சபல், வேரிநாக் என்னும் இரண்டையும் சேர்த்து ஆறினையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்குரிய உத்தேசப் பட்டியலில் 2010இல் சேர்த்திருக்கிறார்கள்.

ஆயினும் கவலைக்கு இடமில்லாமலில்லை. முற்காலத்தில் படகேறி ஏரி வழியே பூங்காவின் வாயிலில் வந்திறங்குவர். பின்னர்க் கரையோடு போட்ட சாலை, நிஷாத்தின் கீழ் அடுக்கைப் பூங்காவிலிருந்து துண்டித்துவிட்டது. ஏரியே சுருங்கி வருகிறது. நகரத்துக் கழிவுநீர் சேர்வதால் பாசியும் களையும் மண்டுகின்றன. படகிலும் இயந்திரத்திலும் சென்று அவற்றை அகற்றுவோரைக் கண்டோம். சிக்காராப் படகோட்டி ஒருவர், தம் சிறுவயதில் ஏரி நீரையே குடித்ததாகக் கூறினார். தாமரைத் தண்டு விற்கும் படகு ஒன்று அருகே வந்தபோது, எங்கள் பெண்மணிகள் 'வற்றல் போடலாம்' என்று மகிழ்ந்து வாங்கிக்கொண்டனர். ஏரி கெட்டால் அத்தண்டும் இல்லை. அந்தப் படகும் இல்லை. பூங்காக்கள் நோக்கி நிற்பதற்கு ஒரு முகமும் இல்லை.

ஷாலிமாரில் கண்ட ஒரு காட்சியோடு முடிக்கிறோம். மாலையில் முதிர்ந்த தோட்டக்காரர் ஒருவர் முழங்காலளவு நீரில் இறங்கி, வாய்க்காலில் விழுந்த இலைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். நாள்தோறும் அள்ள வேண்டுமா என்று வினவினோம். "ஒரு நாள் விட்டால் மறுநாள் நீர் நின்றுவிடும்" என்றார். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாக அவ்வோடை நில்லாமல் ஓட, பெயர் தெரியாத இத்தகையோர் எத்தனை தலைமுறை இலை அள்ளினரோ!

ஊரை விட்டு வந்து, இங்கே நம் மொழியையும் சங்கத்தையும் பேணி வரும் நமக்கும் அது பொருந்தும். ஆண்டு விழா ஒரு நாள். மற்ற நாட்களில் மாலை வேளைத் தமிழ் வகுப்புக்குப் பாய் விரிப்பவரும், நூலக அலமாரியைத் துடைப்பவரும், சந்தா வாங்க வாயில்தோறும் நடப்பவருமே வாய்க்காலைத் தூர்ந்துபோகாமல் காப்பவர்கள். அவர்களுக்கு எங்கள் வணக்கம்.